வாரிங்கா தொகுதி: 97 வருசக் கோட்டையா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "சிட்னியின் வாரிங்கா 1922இலிருந்து 97 வருசம் லிபரல் கட்சியின் கோட்டை. 2019இல் கடற்கரைப் பணக்காரருக்குத் திடீரென்று பருவநிலை ஞானம் பிறந்து டோனி அபொட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். முந்தநாள் தேர்தலிலும் ஸாலி ஸ்டெகல்தான். ஒரு பழமைவாதத் தொகுதி இடதுசாரியாக மாறிவிட்டது என்று எழுதலாமா?"

2025 மே 5, காலை

எழுதக் கூடாது. லிபரல் கட்சி (பெயர் அப்படி, ஆனால் இங்கே அதுதான் வலதுசாரிப் பெரிய கட்சி) பிறந்ததே 1944-45இல். அதுக்கு முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்தது நஷனலிஸ்ட் கட்சி, பிறகு ஐக்கிய அவுஸ்திரேலியக் கட்சி. சரி, ஒரே ஆக்கள், வேறு பலகை என்று விட்டாலும் "97 வருசம் அசையவில்லை" என்பது பிழை. 1937இலேயே ஒருக்கா இடிந்தது. இடித்தவர் சுயேச்சை. இடிபட்டவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர்.

வேலைக்கு வெளிக்கிட வேணும். மிச்சம் இரவு.

மே 5, இரவு

முதல் உறுப்பினர் கிரான்வில் ரைரி, குதிரைப்படை ஜெனரல். 1927இல் அவரை உயர்ஸ்தானிகராக லண்டனுக்கு அனுப்ப இடைத்தேர்தல் வந்தது. ஆர்ச்டேல் பார்க்ஹில் வந்தார். கட்சி அமைப்புக்குள்ளேயே வளர்ந்த ஆள். உள்துறை, தபால், பாதுகாப்பு என்று அமைச்சராகவே இருந்தார். உடுப்பில் படு கவனம். சப்பாத்துக்கு மேல் வெள்ளைக் கணுக்கால் உறை போட்டுத் திரிவாராம், அதை வைத்தே பட்டப்பெயரும் வைத்தார்கள். 1936இல் சேர் பட்டமும் கிடைத்தது.

அடுத்த வருசம் பேர்சி ஸ்பென்டர் வந்து நின்றார். பூட்டுச் செய்பவரின் மகன், படித்து மேலே வந்து நாற்பது வயதுக்குள் மன்னரின் வழக்கறிஞர் ஆனவர். அவர் தொழிற்கட்சி இல்லை. பார்க்ஹில்லின் அதே கட்சிக் கொள்கைதான், ஆனால் கட்சி நிறுத்தாத சுயேச்சை. நாட்டின் பாதுகாப்பு ஆயத்தம் போதாது என்று பாதுகாப்பு அமைச்சரின் வாசலிலேயே நின்று சொன்னார். வென்றார். அடுத்த வருசம் கட்சி அவரைக் கூப்பிட்டு உள்ளே எடுத்துக்கொண்டது.

இப்ப 2019ஐப் பக்கத்தில் வையுங்கோ. டோனி அபொட், நீண்டகால உறுப்பினர், முன்னாள் பிரதமர். எதிரில் சுயேச்சையாக ஸாலி ஸ்டெகல் என்ற பாரிஸ்டர், மான்லியில் பிறந்தவர், நாகானோவில் பனிச்சறுக்கில் வெண்கலம் எடுத்தவர். பொருளாதாரத்தில் வலதுபக்கம்தான் சாய்வேன் என்று தானே சொன்னவர். ஸ்டெகலை இடதுசாரி என்றால் உண்மையான இடதுசாரிகள் கோபிப்பார்கள்.

82 வருச இடைவெளி. ஒருவர் வெள்ளைக் கணுக்கால் உறையோடு விழுந்தார், மற்றவர் நீச்சல் காற்சட்டைக்குப் பேர்போனவர். இடையில் உடுப்பு குறைந்ததுதான் வித்தியாசம்.

மே 6

கீழே ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணை, தொகுதி எங்கை இருக்கு எண்டே தெரியாமல் வாசிக்கிறம்."

நியாயம். சிட்னி துறைமுகத்தின் வடகரை, அதிலிருந்து பசிபிக் ஓரம் மேலே. மொஸ்மன், மான்லி, பல்கோலா, சீபோர்த், பிரெஷ்வோட்டர். நடுவில் மிடில் ஹாபர் என்ற நீர்க்கை, அதன் குறுக்கே ஸ்பிட் பாலம். பாய்க்கப்பல் வந்தால் பாலம் திறக்கும், வாகனமெல்லாம் நிக்கும். 1958இல் கட்டின பாலம், இண்டைக்கும் அப்படித்தான். வடக்குக் கடற்கரைகளுக்கு ரயில் இல்லை. எத்தனையோ முறை கதைத்தார்கள், போடவேயில்லை. மான்லிக்குப் போக ஒன்று இந்தப் பாலத்தடி பஸ், இல்லாட்டி சேர்குலர் கீயிலிருந்து அரை மணித்தியாலப் படகு.

ரயில் இல்லை என்பதைச் சிறுசாய் எடுக்காதேங்கோ. மேற்குச் சிட்னிச் சனம் அங்கே குடிபோகாததற்குப் பாதிக் காரணம் வாடகை, பாதிக் காரணம் அதுதான். ரயில் கேட்டு அந்தச் சனம் ஊர்வலம் போனதாய் நான் கண்டதில்லை. கட்டடம் உயரக் கூடாது, புதர்க்காடு வெட்டக் கூடாது, கழிவு கடலுக்குள் வரக் கூடாது. அவர்களின் பழமைவாதம் முதலில் இந்த இடத்தைப் பற்றியது. கட்சி அதுக்குப் பிறகுதான். இதை விளங்காமல் வாரிங்காவை விளங்கேலாது என்பது என் வாதம்.

மே 6, பின்னேரம்

இந்தப் பகுதி எனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். மான்லிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கனகாலம் பராமரிப்பு வேலை. வீடு வென்ட்வேர்த்வில். ரயிலில் விஞ்யாட், பிறகு பஸ். "உங்கை ஒரு தமிழ்க் கடை கூட இல்லையே" என்று எங்கட சனம் கேட்கும். கடை இல்லைத்தான். நல்ல மீன் இருக்கு.

அந்த இல்லங்களுக்குத் தேர்தல் ஆணைக்குழுவின் நடமாடும் குழு வாக்குப்பெட்டியோடு வரும். இங்கே வாக்களிப்பது கட்டாயம், போடாட்டித் தண்டம். அதனால் தொண்ணூறு வயதுக்காரரும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் ஒரு அம்மா இருந்தார். மென்சீஸ் பிரதமராய் இருந்த காலத்திலிருந்து லிபரல். அபொட் அனுப்பின நத்தார் அட்டை அவரின் குளிர்பெட்டிக் கதவில் எப்பவும் ஒட்டியிருக்கும். 2019இல் பெட்டி வந்துபோன பிறகு "யாருக்கு?" என்று நான் கேட்கவில்லை, அது முறையில்லை. அவரே சொன்னார்: "டோனி நல்ல பெடியன். தீ பிடித்தால் அணைக்க வருவான். என் பேரன் கலியாணம் கட்டக் கூடாது என்று ஏன் நின்றான்?"

அட்டையைக் கழற்றவில்லை.

மே 7

மேலே அந்த அம்மா சொன்னதுக்குப் பின்னால் உள்ள இலக்கம்: 2017 தபால்மூலக் கருத்தறிதலில் ஒருபால் திருமணத்துக்கு வாரிங்காவில் 75 சதவீதம் "ஆம்". அதன் உறுப்பினர் அபொட் நாடு முழுக்க "இல்லை"க்குப் பிரசாரம் செய்தவர். சட்டம் பாராளுமன்றத்தில் வந்தபோது வாக்களிக்காமல் வெளியே போனார். தொகுதிக்கும் உறுப்பினருக்கும் இடையில் விரிசல் எவ்வளவு என்று முதல்முறை எண்ணிக் காட்டியது இதுதான். பருவநிலை இரண்டாவது. கேள்வி கேட்டவர் ஞானம் 2019இல் திடீரென்று பிறந்தது என்கிறார். 2017லேயே அறிவித்தல் வந்துவிட்டது, அவர் வாசிக்கவில்லை.

இங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித்தான் வாக்குப் போட வேணும்; பின்தங்கினவரின் வாக்கு அடுத்த விருப்புக்குப் போகும். 2019இல் முதல் விருப்பு வாக்கு ஸ்டெகலுக்கு 43 சதவீதம், அபொட்டுக்கு 39. விருப்பு வாக்குகள் எல்லாம் பகிர்ந்த பிறகு 57க்கு 43. இதுக்குள் ஒரு வேடிக்கை. அதே இரவு நாடு எதிர்ப்பக்கம் போனது. தொழிற்கட்சி வெல்லும் என்று எல்லோரும் சொல்ல, ஸ்கொட் மொரிசன் வென்றார். லிபரல் கட்சி அரசமைத்த இரவில் அதன் முன்னாள் பிரதமர் வீட்டுக்குப் போனார். விட்டு ஓடுபவனாக இருப்பதை விடத் தோற்பவனாக இருப்பது மேல் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிசனிடம் எனக்கு ஆயிரம் கோபம், ஆனால் அந்தப் பேச்சு கண்ணியமானது.

மே 9

மெல்பேண் வாசகர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: "1937, 2019 என்று உமக்குத் தோதான இரண்டை எடுத்துக்கொண்டு வாதம் கட்டுறீர். 1969?"

நல்ல கேள்வி. 1969 என் வாதத்தை ஆட்டத்தான் செய்யும்.

அப்போதைய உறுப்பினர் எட்வேர்ட் சென்ட் ஜோன். அவரும் வழக்கறிஞர் (இந்தத் தொகுதிக்கு வழக்கறிஞர் பைத்தியம்). 1966இல் லிபரலாக உள்ளே வந்தார். 1964இல் 'வொயேஜர்' என்ற போர்க்கப்பல் 'மெல்பேண்' விமானந்தாங்கியோடு மோதி மூழ்கி 82 பேர் செத்தார்கள். விசாரணை சரியாக நடக்கவில்லை என்று பலர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சென்ட் ஜோன் 1967இல் தன் கன்னிப் பேச்சிலேயே அதை எடுத்தார், தன் சொந்த அரசாங்கத்துக்கு எதிராக. கன்னிப் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்பது அங்கே மரபு. பிரதமர் ஹரல்ட் ஹோல்ட் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார். கடைசியில் இரண்டாவது அரச ஆணைக்குழு போட வேண்டி வந்தது, 'மெல்பேண்' கப்டன் மேல் இருந்த பழியும் துடைக்கப்பட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் வீரர். 1969இல் பிரதமர் ஜோன் கோர்ட்டனின் நடத்தையைப் பிடித்தார். ஒரு பின்னிரவில் இளம் பத்திரிகையாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கத் தூதரகத்துக்குப் போன கதை. பிறகு கட்சியை விட்டு விலகி அதே வருசத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தோற்றார். கட்சி நிறுத்தின மைக்கல் மக்கெல்லர் என்ற விவசாய விஞ்ஞானி வென்றார்.

ஸ்பென்டர் வென்று சென்ட் ஜோன் தோற்றது ஏன்? இரவு விடிய யோசித்தும் முழுப் பதில் இல்லை. ஒன்று, ஸ்பென்டர் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டினவர், சென்ட் ஜோன் உள்ளே இருந்துகொண்டு வீட்டைக் குழப்பினவர். இரண்டு, மக்கெல்லர் புதுமுகம், அவர் மேல் ஒருத்தருக்கும் கோபம் இல்லை. இந்தத் தொகுதி சுயேச்சையைத் தேடிப் போவதில்லை. இருக்கிறவர் அலுத்துப் போக வேணும், வருகிறவர் மரியாதையான ஆளாக இருக்க வேணும். இரண்டும் ஒன்றாய் வந்தால்தான் அசையும்.

மே 10

மெல்பேண்காரர் திருப்தியில்லை. "அலுப்பு எண்டால் மக்கெல்லர் 25 வருசம், அபொட் 25 வருசம் இருந்தது எப்படி?" என்கிறார்.

அலுக்கவே இருபது வருசம் எடுக்கும் சனம் அது. அவசரம் இல்லாத ஊர்.

மே 12

நேற்று ஞாயிறு, வேலை இல்லை. இந்தத் தொகுதியைப் பற்றி எனக்குள் கனகாலமாய் உறுத்துவதை எழுதிவிடுகிறேன். தேர்தல் கணக்கை விட இது நீளும்.

ஸ்பென்டர் 1949இன் கடைசியில் மென்சீசின் வெளிவிவகார அமைச்சர் ஆனார். 1950 ஜனவரியில் கொழும்பில் பொதுநலவாய வெளிவிவகார அமைச்சர்களின் கூட்டம். அங்கே பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். தெற்காசியா, தென்கிழக்காசியாவுக்கு உதவி, தொழில்நுட்பம், புலமைப்பரிசில். யார் மூளையில் உதித்தது என்பதில் இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் ஸ்பென்டர். மற்றவர் இலங்கையின் அப்போதைய நிதி அமைச்சர். பெயர் ஜே.ஆர். ஜயவர்த்தன. ஆம், 83இன் அதே ஜே.ஆர். மொஸ்மன் சனம் வாக்குப் போட்டு அனுப்பின ஆளும் எங்கட சனத்தின் தலைவிதியை எழுதின ஆளும் ஒரே மேசையில்.

கொழும்புத் திட்டத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்தவர்களில் எங்கட ஊர் ஆக்களும் இருந்தார்கள். படிக்கலாம், தங்க முடியாது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை அப்போது முழு உயிரோடு இருந்தது. ஸ்பென்டருக்கு அது முரணாய்த் தெரியவில்லை. ஆசியா கம்யூனிசத்தின் பக்கம் போகக் கூடாது என்பதுதான் அவரின் கணக்கு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா மூன்றும் செய்த அன்சஸ் பாதுகாப்பு ஒப்பந்தமும் அதே கணக்கின் மறுபக்கம். 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அவுஸ்திரேலியாவுக்காக அதில் ஒப்பமிட்டவரும் அவரே.

அடுத்தது மக்கெல்லர். 1975 கடைசியில் பிரதமர் பிரேசர் அரசின் குடிவரவு அமைச்சர். 1976 ஏப்ரலில் வியட்நாமிலிருந்து முதல் வள்ளம் டார்வின் வந்து சேர்ந்தது. 1976 முதல் 1981 வரை வள்ளத்தில் வந்தவர்கள் 2,059 பேர். முகாம்களிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. திருப்பி அனுப்பு என்று சத்தம் அப்போதும் இருந்தது. மக்கெல்லர் அகதியும் இல்லை, புனிதரும் இல்லை, வள்ளங்கள் நிறைய வருவதை அவரும் விரும்பவில்லை. முகாமிலேயே ஆளைத் தெரிந்து முறையாய்க் கொண்டுவந்தால் வள்ளம் குறையும் என்பது அவர்களின் வழி. வந்தவரைக் கடலில் வைத்துத் திருப்பவில்லை. வாரிங்காச் சனம் இதுக்காக அவரைத் தண்டிக்கவும் இல்லை, திரும்பத் திரும்பத் தெரிந்தார்கள்.

மூன்றாவது அபொட். வள்ளங்களை நிறுத்து என்று சொல்லியே 2013இல் வென்றார். அதே நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. கனடாவின் ஹார்ப்பர் போகவில்லை. மன்மோகன் சிங் போகவில்லை. பிரித்தானியாவின் கமரன் போனார், யாழ்ப்பாணமும் போனார். அபொட் போய் இரண்டு ரோந்துக் கப்பல்களைப் பரிசாய் அறிவித்தார். சித்திரவதை பற்றிக் கேட்டதுக்கு, அதைக் கண்டிக்கிறோம், ஆனால் கடினமான சூழலில் சிலநேரம் கடினமான காரியங்கள் நடக்கும் என்ற மாதிரிப் பதில்.

2014 யூனில் புதுச்சேரியிலிருந்து வெளிக்கிட்ட வள்ளத்தில் 157 தமிழர். அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பலில் ஒரு மாதமளவில் நடுக்கடலில் வைத்திருந்தார்கள், சன்னல் இல்லாத அறைகளில். கடைசியில் நவுறு. உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரேயொரு நீதிபதி.

கொழும்பு, வியட்நாம், மறுபடி கொழும்பு. ஒரே கடற்கரைத் தொகுதி மூன்று விதமான ஆளை அனுப்பியிருக்கு.

மே 13

நேற்றுப் போட்டதுக்குக் கன பதில். "அப்ப 2019இல் அபொட்டைத் தோற்கடித்தது எங்கட பாவம்" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார்.

இல்லை தம்பி. அதுதான் உறுத்தல் என்று சொன்னது. அந்தப் பிரசாரத்தில் நான் எத்தனையோ துண்டுப்பிரசுரம் கண்டனான், வேலைத்தலத்தில் தபால்பெட்டி நிரம்பி வழியும். பருவநிலை, திருமணம், பிரதமரைச் சொந்தக் கட்சியே முதுகில் குத்தி இறக்குகிற கலாசாரம், போக்குவரத்து நெரிசல். வள்ளம் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. அந்தச் சனத்துக்கு அது முடிந்துபோன விசயம். வள்ளம் நின்றதில் பலருக்கு உள்ளூரத் திருப்தியும் இருந்திருக்கும். எங்களுக்கு அநியாயம் செய்தவர் வேறு காரணத்துக்காகத் தோற்றார். அதை எங்கட வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை.

மே 13, இன்னும் ஒன்று

மக்கெல்லரின் முடிவைச் சொல்ல மறந்தேன், பகிடியான கதை. 1982இல் அவர் சுகாதார அமைச்சர். வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்த சின்னத் தொலைக்காட்சியைக் கறுப்பு-வெள்ளை என்று சுங்கத்தில் காட்டியிருந்தது. அது கலர். பிடிபட்டது. அவரும் போனார், சுங்கத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஜோன் மூரும் பதவி விலகினார். ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்கு இரண்டு அமைச்சர். தொகுதி? அடுத்த தேர்தலில் மக்கெல்லரைத் திரும்பவும் தெரிந்தது. 1994 வரை இருந்தார்.

மே 16

பக்கத்துத் தொகுதியின் பெயரும் மக்கெல்லர், குழம்பாதேங்கோ. அது வேறு குடும்பம். கவிஞர் டொரதியா மக்கெல்லரும் அவரின் தகப்பனும்.

அங்கேயும் இதே நோய். 1949இலிருந்து 1977 வரை பில் வென்ட்வேர்த். நான் இருக்கிற வென்ட்வேர்த்வில்லுக்குப் பெயர் கொடுத்த பழைய குடும்பத்தின் வாரிசு. கம்யூனிஸ்ட் என்று கேட்டாலே கொதிப்பார், அதே ஆள் 1968இல் ஆதிக்குடிகள் விவகாரத்துக்கு நாட்டின் முதல் அமைச்சர். கடைசியில் கட்சியோடு கோபித்துச் சுயேச்சையானார்.

பிறகு ப்ரொன்வின் பிஷப். 1994 மார்ச் 26, ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல்: வாரிங்காவில் அபொட், மக்கெல்லரில் பிஷப். தொழிற்கட்சி இரண்டிலும் ஆளே நிறுத்தவில்லை. அபொட் பிரதமரானதும் பிஷப் சபாநாயகர். மெல்பேணிலிருந்து ஜீலோங்குக்கு, காரில் ஒரு மணித்தியாலத் தூரம், கட்சி நிதி சேர்க்கும் விருந்துக்கு அரச காசில் 5,000 டொலருக்கு மேல் கொடுத்து ஹெலிகொப்டரில் போனார். 2015 ஓகஸ்டில் சபாநாயகர் பதவி போனது, அடுத்த மாதம் அபொட்டின் பிரதமர் பதவி போனது. ஒரே நாள் வந்த இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாய் இறங்கினார்கள். 2022இல் மக்கெல்லர் தொகுதியும் சொபி ஸ்காம்ப்ஸ் என்ற வைத்தியரான சுயேச்சையிடம் போனது.

மே 17

மேற்குப்புறத் தொகுதி வட சிட்னியைச் சேர்க்காமல் இந்தக் கதை முடியாது. டெட் மக். கட்டடக்கலைஞர், தன் வீட்டுப் பக்கத்தில் உயர்மாடி எழும்பினதில் கோபப்பட்டு உள்ளூராட்சிக்கு வந்தார் என்பார்கள். வட சிட்னி மேயர், 1981இல் மாநிலப் பாராளுமன்றம், 1990இல் மத்திய பாராளுமன்றம். எப்பவும் சுயேச்சை. ஓய்வூதியத்துக்குத் தகுதி வருமுன்னரே மாநிலப் பதவியை விட்டார். அப்படி ஒருத்தரை எங்கட ஊரில் காட்டுங்கோ.

1990இல் அவர் தோற்கடித்த லிபரல் உறுப்பினர் யார்? ஜோன் ஸ்பென்டர். பேர்சி ஸ்பென்டரின் மகன். தகப்பன் சுயேச்சையாய் வந்து அமைச்சரை விழுத்தினார், மகனைச் சுயேச்சை வந்து விழுத்தினார். ஆலமரமும் விழுதும் என்பார்கள், இங்கே விழுதையே வெட்டினார்கள்.

வட சிட்னித் தொகுதியே இந்தத் தேர்தலோடு இல்லை. எல்லை மாற்றத்தில் கலைத்துவிட்டார்கள், அதன் ஒரு துண்டு வாரிங்காவோடு சேர்ந்தது. டெட் மக்கின் பழைய வாக்காளர் சிலர் இப்ப ஸ்டெகலின் வாக்காளர்.

மே 21

மே 9இல் சென்ட் ஜோனைப் பற்றி எழுதினதோடு ஒன்று சேர்க்க வேணும். ஸ்பென்டர் பிறகு ஹேக்கில் சர்வதேச நீதிமன்றத் தலைவர். 1966இல் தென்மேற்கு ஆபிரிக்க (இன்றைய நமீபியா) வழக்கு. அங்கே நிறவெறி ஆட்சி நடத்தின தென்னாபிரிக்காவுக்கு எதிராக எதியோப்பியாவும் லைபீரியாவும் போட்டது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழு. தலைவரின் தீர்மான வாக்கில் வழக்கு விழுந்தது. ஆபிரிக்கா கொதித்தது. அதே 1966இல் வாரிங்காவிலிருந்து பாராளுமன்றம் போன சென்ட் ஜோன் நிறவெறிக்கு எதிராக முன்னின்று வேலை செய்தவர். தொகுதி இருவரையும் ஒரே சின்னத்தில் அனுப்பியது. "பழமைவாதத் தொகுதி" என்று ஒரு சொல்லில் சொல்ல எனக்குத் தயக்கம் வருவது இதாலும்தான்.

மே 22

ஒருத்தர்: "2022இல் லிபரல் வேறு நல்ல ஆளைப் போட்டிருந்தால் திரும்பியிருக்கும்."

இருக்கலாம். கத்தரின் டீவ்ஸைப் போட்டார்கள். மொரிசனின் தெரிவு. திருநர் பற்றி அவர் முன்பு எழுதினவை வெளியே வந்து நாடு முழுக்கப் பேச்சு. 75 சதவீதம் "ஆம்" சொன்ன தொகுதியில் அப்படி ஒரு வேட்பாளர். கட்சியின் கணக்கு வேறு, மேற்குச் சிட்னியில் வாக்கு எடுப்பதுக்காக வாரிங்காவைக் கைகழுவினார்கள் என்று பலர் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஸ்டெகல் 61 சதவீதத்துக்குக் கிட்டப் போனார். இந்த முறையும் அதே அளவு. பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஆதிக்குடிகளுக்கு ஒரு சபை வேணுமா என்ற 2023 "குரல்" வாக்கெடுப்பில் நாடு "இல்லை" என்றது, வாரிங்கா "ஆம்" என்றது. திரும்பும் அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

யூன் 5

இடையில் இரவு வேலை, எழுதவில்லை.

பக்கத்து பிராட்பீல்டில் மறு எண்ணிக்கை நேற்று முடிந்தது. சுயேச்சை நிகொலெட் பூலா 26 வாக்கால் வென்றார். மெல்பேணின் கோல்ட்ஸ்டீனில் மறுபக்கம், சுயேச்சை ஸோயி டானியலை 175 வாக்கால் லிபரல் டிம் வில்சன் விழுத்தித் திரும்பி வந்தார். நீலப்பச்சைச் சட்டை போட்ட இந்தச் சுயேச்சைகள் எல்லா இடமும் ஒரே மாதிரி வெல்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு கோல்ட்ஸ்டீன் பதில். வாரிங்காவில் மட்டும் ஏன் இவ்வளவு உறுதி? என் ஊகம்: மான்லியில் சுயேச்சை புதுசில்லை. மாநிலத் தொகுதி மான்லியை 1991இலிருந்து 2007 வரை இரண்டு சுயேச்சைகள், பீட்டர் மக்டொனால்ட், பிறகு டேவிட் பார், அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். மக்டொனால்ட் 2001இல் அபொட்டுக்கு எதிராகவும் நின்று பார்த்தவர். ஸ்டெகல் வந்தபோது நிலம் பண்பட்டுத்தான் இருந்தது.

யூன் 6

கடைசியாய் வந்த கேள்வி: "அப்படியெண்டால் 2023 மாநிலத் தேர்தலில் அதே மான்லியில் லிபரல் ஏன் வென்றது?"

அதுக்குச் சனத்தின் மனதை ஆராயத் தேவையில்லை, வாக்குச்சீட்டைப் பாருங்கோ. மத்திய தேர்தலில் எல்லாப் பெட்டிக்கும் இலக்கம் போட வேணும், விட்டால் செல்லாது. தொழிற்கட்சிக்கும் பசுமைக் கட்சிக்கும் போட்டவரின் வாக்கு கடைசியில் இரண்டு பேரில் ஒருத்தரிடம் வந்தே தீரும், அது பெரும்பாலும் ஸ்டெகலிடம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டால் போதும். பலர் அப்படித்தான் போடுகிறார்கள், அந்த வாக்கு அங்கேயே செத்துவிடும். முதல் விருப்பில் முன்னுக்கு நிற்கிறவருக்கு அதில் வாய்ப்புக் கூட. மாநிலத் தேர்தலில் செலவுக்கும் உச்சவரம்பு இருக்கு. புதுமுகச் சுயேச்சைக்குத் தன் முகத்தைக் காட்டவே காசு வேணும். அந்த வருசமே பக்கத்து வேக்ஹேர்ஸ்டில் மைக்கல் ரீகன் சுயேச்சையாய் வென்றார். அவர் ஏற்கெனவே அங்கே மேயர், முகம் காட்டச் செலவில்லை. மான்லியில் அப்படி ஒரு ஆள் நின்றால் 2027 மார்ச்சில் பார்ப்போம்.